சென்னியம்மாள் வழி சொல்லிக் கூப்பிட்ட தண்ணீர்

இப்போதெல்லாம் ஆட்கள் வாய்க்கு வந்தபடி கூப்பிட்டுவிடுகிறார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனைக்கூட ஊட்டுக்கு வாங்க என்கிறார்கள். நம்பிப் போய் நின்றால் கதவைத் திறக்கவே கால் மணி நேரம் ஆகிறது. முன்பும் கூப்பிட்டார்கள்தான், ஆனால் எதிரில் நிற்பது யார் என்று ஒரு தடவை பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்கள். தொண்ணூற்றாறாம் வருஷம் மே மாதம், காங்கேயத்தில் தேங்காய் ஒன்று மூன்றரை ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்த சமயத்தில், மேட்டுப்பாளையம் ரோட்டுப் பக்கம் நாலு வருஷத்துக்கு முன்னால் வந்திருந்த அலையரசி வாட்டர் சிட்டியின் அலைக்குளத்துத் தண்ணீர் முழுவதும், ஒரு சொட்டு பாக்கியில்லாமல், சென்னியம்மாளின் வேனுக்குப் பின்னால் எண்பது கிலோமீட்டர் வந்து அவள் தோட்டத்துக் கிணற்றில் இறங்கியது. அவள் கூப்பிட்டாள், அது வந்தது. அவள் அப்பன் எனக்குத் தம்பி முறை. அந்த வேனில் நானும் இருந்தேன்.

சென்னிக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அப்பன் போனதும் எட்டு ஏக்கர் பூமி, நூற்றறுபது தென்னை, நாற்பத்தாறு படி இறங்குகிற கிணறு எல்லாம் அவள் பேருக்கு வந்தன. வந்த இரண்டாம் வருஷமே கிணறு வற்றியது. ரிக் வண்டி கொண்டுவந்து எழுநூறு அடி துளை போட்டதில் கல்மாவுதான் புகையாகக் கிளம்பி மூன்று நாள் காற்றில் நின்றது. தென்னைகள் முதலில் குரும்பையை உதிர்த்தன, அப்புறம் மட்டையை, அப்புறம் சில மரங்கள் கொண்டையையே கீழே போட்டுவிட்டுக் கரண்டுக் கம்பம் மாதிரி நின்றன. அவள் புருஷன் ரங்கராஜ் திருப்பூரில் பனியன் தைக்கிற யூனிட் வைத்திருந்தான். பூமியை வீட்டுமனை போடுகிறவனுக்குத் தள்ளிவிட்டு இன்னும் இருபது மெஷின் இறக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அதற்குச் சென்னி கையெழுத்து வேண்டும். நாலு வருஷம் அவள் போடவில்லை. சண்டை போட்டுப் பார்த்தான், ஒரு மாதம் பேசாமல் இருந்து பார்த்தான். கடைசியில் மனைப் புரோக்கர்தான் வழி சொன்னான்: வீட்டுக்காரியை ஒரு நல்ல இடமாகக் கூட்டிப்போனால் மனசு இளகும், காட்டேஜ் செலவு நம்முடையது. பள்ளிக்கூட லீவு வேறு. மகள் அக்ஷயாவுக்குப் பன்னிரண்டு வயசு, பார்க் என்றதும் ஒரு வாரமாகக் குதித்துக்கொண்டிருந்தாள். ரங்கராஜின் ரெக்ஸின் பையில் துண்டு, சோப்பு, அவற்றுக்கடியில் கிரய அக்ரிமென்ட் எழுதின ஸ்டாம்பு பேப்பர். சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூட்டிப்போனான். நான் மூன்றாவது வரை படித்தவன், கையெழுத்து வரும்.

பார்க் வாசலிலேயே எங்கள் கட்டுச்சோற்றைப் பிடுங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள். புளிச்சோற்றுக்கு டோக்கன் கொடுத்த இடத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, அதற்குப் பின்னும் பார்க்கவில்லை. உள்ளே சிமெண்டில் பாறை கட்டிப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தான். எங்கள் ஊர்ப் பக்கம் நிஜப் பாறையை வெடி வைத்து லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறான், இங்கே சிமெண்டில் செய்து அதோடு நின்று போட்டோ எடுக்கிறார்கள். பிளாஸ்டிக் யானை ஒன்று தும்பிக்கையால் தண்ணீர் ஊற்றியது. பெரிய பெரிய மில்லுக்காரர்கள் அரை டிராயரோடு அதன் கீழே நின்று வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள். நடுவில் அலைக்குளம், நீல டைல்ஸ் ஒட்டினது. பதினொரு மணி, ஒரு மணி, மூன்று மணி, ஐந்து மணி என்று நாலு வேளை சைரன் ஊதும், மெஷின் ஓடும், அலை வரும். சேலையோடு இறங்கக் கூடாது, வாடகைக்கு ஒரு நைலான் சட்டை தருவார்கள். சென்னி அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"இதைப் போட்டுக்கிட்டு எறங்கறதுக்கு நான் கெணத்துலயே உளுந்திருப்பேன். அதுல தண்ணி இல்லாமப் போச்சு."

அவள் கரையில் உட்கார்ந்து, சேலையைக் கணுக்கால் வரை தூக்கிக் காலை மட்டும் தண்ணீரில் விட்டுக்கொண்டாள். விசில்காரன் வந்து ஊதினான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் அடுத்த பக்கம் போய் ஊதினான். சாப்பிட்டதும் காட்டேஜில் ரங்கராஜ் பேப்பரை எடுத்து மேஜையில் வைத்தான். சண்டை இல்லை, சத்தமில்லை. செத்த மரத்துக்கு எத்தனை நாள் அழுவாய் என்று மட்டும் கேட்டான். அவள், மூணு மணி அலை பார்த்துவிட்டு வந்து போடுகிறேன் என்றாள். நான் பேனா மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டேன்.

மூன்று மணி அலை கரையை ஒரு அறை அறைந்தபோது சென்னியின் இடது காதுத் தோடு கழன்று மடியில் விழுந்தது. தோடு இருந்தது, திருகாணி இல்லை. அப்பன் கல்யாணத்துக்குப் போட்ட தோடு. எள்ளளவு திருகாணியை முந்நூறு பேர் குதிக்கிற குளத்தில் எவன் தேடுவது? ரங்கராஜ், திருப்பூரில் டஜன் வாங்கித் தருகிறேன் என்றான். அவள் தண்ணீருக்குள் கையை நீட்டி உள்ளங்கையை மேலாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலாவது அலையோ ஐந்தாவது அலையோ, அவள் கையருகே வந்ததும் வேகத்தைக் குறைத்து, மேலே ஏறி, திருகாணியை உள்ளங்கையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனது. வேறெதுவும் அதில் இல்லை, ஒரு நூல்கூட. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

இதற்கப்புறம்தான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒருவர் ஒரு உபகாரம் செய்துவிட்டால் ஊட்டுக்கு வாங்க என்று சொல்லாமல் நகரக் கால் வராது. அதுவாவது பரவாயில்லை, கூப்பிட்டதோடு விட்டிருக்கலாம். சென்னி திருகாணியை மாட்டிக்கொண்டு எழுந்து, தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டு, "நல்லா இருக்கோணுங்க. அந்தப் பக்கம் வந்தீங்கன்னா ஊட்டுக்கு வராமப் போகக் கூடாது. காங்கேயத்துல இருந்து தாராபுரம் ரோட்டுல ஆறாவது மைலுங்க, ஆயில் மில்லுக்கு எதுத்தாப்புல இட்டேரி பிரியும், அதுலயே வந்தா மஞ்சக் கேட்டு" என்றாள். இட்டேரி என்றால் வேலி நடுவே போகிற மண் தடம், அது வரைக்கும் வழி சொல்லிவிட்டாள்.

"புள்ள, தண்ணிக்கு அட்ரஸ் குடுக்கறயா?" என்றான் ரங்கராஜ்.

"உங்க புரோக்கருக்குக் குடுக்கறதுக்கு இது தேவலை," என்றாள். அன்றைக்குக் கையெழுத்தும் போடவில்லை. மனசு நிறைவாக இருக்கிறபோது அதைப் போட மாட்டேனென்று சொல்லி வேனில் ஏறிவிட்டாள்.

வேன் ஓட்டியவன் அந்தோணிராஜ், கோயமுத்தூர்ப் பையன், தண்ணி கிண்ணி போடாதவன். அன்னூர் தாண்டினதும் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பின்னால ஒருத்தர் சைடே கேக்காம வர்றாருங்க" என்றான். திரும்பிப் பார்த்தோம். பாதி ரோட்டு அகலத்துக்கு முழங்கால் உயரம் நீலத் தண்ணீர், இடது பக்கம் ஒதுங்கி, வேன் வேகத்துக்கே வந்துகொண்டிருந்தது. எதிரே லாரி வந்தால் ஒடுங்கிக்கொண்டது. அவிநாசியில் டீ குடிக்க நிறுத்தினோம், அது பத்தடி தள்ளிப் புளிய மரத்தடியில் நின்றது. டீக்கடைக்காரர் இதுவும் உங்க கூட வந்ததுங்களா என்று கேட்டுவிட்டுக் கிளாஸைக் கழுவப் போனார். திருப்பூரில் நொய்யல் பாலத்தில் மட்டும் கொஞ்சம் தயங்கியது. கீழே சாயத் தண்ணீர் சிவப்பும் ஊதாவுமாக நுரைத்துப் போய்க்கொண்டிருந்தது. அதை எட்டிப் பார்த்துவிட்டு, சேற்றில் சேலையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற பொம்பளை மாதிரி, தன்னைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு பாலத்தைக் கடந்தது. இந்தச் சமயத்தில் அங்கே பார்க்கில் ஐந்து மணிச் சைரன் ஊதியதாகவும், முந்நூறு பேர் நைலான் சட்டையோடு காய்ந்த டைல்ஸ் மேல் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததாகவும் பிறகு கேள்விப்பட்டோம். டிக்கெட் காசைத் திருப்பித் தரவில்லையாம்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தோட்டம் வந்து சேர்ந்தோம். தண்ணீர் மஞ்சள் கேட்டுக்கு வெளியிலேயே நின்றது. வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பது வழக்கம். வந்திருப்பதே தண்ணீர் என்றால் என்ன கொடுப்பது என்று சென்னி ஒரு நிமிஷம் திகைத்தாள். அப்புறம் மோர் கலக்கிக் கொண்டுவந்து வாசலில் ஊற்றி, "வாங்க, உள்ள வாங்க" என்றாள். அது அவளைச் சுற்றிக்கொண்டு, செருப்பைக்கூட நனைக்காமல், மாடு கட்டுகிற கட்டுத்தாரை வழியாகப் போய்க் கிணற்றில் இறங்கியது. காலையில் பார்த்தால் நாற்பத்தாறு படியில் மூன்று படிதான் வெளியே தெரிந்தது. பார்க்கில் தண்ணீருக்குப் போடுகிற பிளீச்சிங் மருந்து வாசம் அடித்தது. மேலே ஒரு ரப்பர் வாத்து, ஒற்றைச் செருப்பு, ஏழெட்டு ஹேர்கிளிப். சரியாகப் பதினொரு மணிக்குக் கிணற்றுக்குள்ளிருந்து சைரன் ஊதியது, மாடு இரண்டும் கயிற்றை அறுத்துக்கொண்டு ஆயில் மில் வரை ஓடின. பிறகு அலை வந்து படிகளை அறைந்தது. அன்றிலிருந்து நாலு வேளையும் தவறியதில்லை. ஒரு மாதம் கழித்து அக்கம்பக்கத்தில் அதைக் கேட்டுத்தான் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார்கள்.

ரங்கராஜ் முதல் நாளே மோட்டார் ரூமுக்குப் போனான். சென்னி மறித்தாள். "விருந்துக்கு வந்தவங்களை மறுநாளே காட்டு வேலைக்கு அனுப்புவீங்களா? உங்க சித்தப்பா வந்தா மம்பட்டி எடுத்துக் குடுப்பீங்களா?" மரங்கள் கண்ணெதிரே காய்ந்துகொண்டிருந்தன, கிணற்றில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது, இரண்டுக்கும் நடுவில் அவள் நின்றாள். அவளும் அந்த மரங்களைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். புரோக்கர் வந்து பார்த்துவிட்டு, தண்ணீருள்ள பூமி என்று விலையை இரண்டு பங்காக ஏற்றினான். வீட்டில் விருந்து இருக்கிறபோது வீட்டை விற்கிற பேச்சு எதற்கு என்று அவனையும் அனுப்பிவிட்டாள்.

ஐந்தாம் நாள் பார்க் மேனேஜர் கழுத்தில் டை கட்டிக்கொண்டு இரண்டு டேங்கர் லாரியோடு வந்தார். எங்கள் தண்ணீரை எடுத்து வந்துவிட்டீர்கள் என்றார். "எடுத்துட்டு வரலீங்க, கூப்பிட்டேன், வந்தாங்க. நீங்களும் கூப்பிட்டுப் பாருங்க, வந்தா கூட்டிட்டுப் போங்க," என்றாள் சென்னி. அவர் கிணற்று மேட்டில் நின்று, நாயைக் கூப்பிடுகிற மாதிரி, வா என்றார். ஒரு அசைவும் இல்லை. நாலு வருஷம் அதோடு குடித்தனம் நடத்தியவருக்கு அதை வாங்க என்று சொல்லத் தெரியவில்லை. லாரிக் குழாயை உள்ளே விட்டு உறிஞ்சியதில் காற்றுதான் வந்தது. போலீஸ்காரர் ஒருவர் வந்து இரண்டு பக்கமும் விசாரித்து, எதிர்த்தரப்பான தண்ணீர் விருந்தாளியாக வந்து தங்கியிருப்பதாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மோர் குடித்துவிட்டுப் போனார். பார்க்கில் வேறு தண்ணீர் வாங்கி நிரப்பிக்கொண்டார்கள்.

ஒன்பதாம் நாள் சென்னி காங்கேயத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனாள். ரங்கராஜ் அந்த நேரம் பார்த்து மோட்டாரைப் போட்டான். மோட்டார் உறுமியது, குழாயில் ஒரு கை அளவு தண்ணீர் வந்தது, நின்றது. அப்புறம் கிணற்றுத் தண்ணீர் மொத்தமும் படியேறி மேலே வந்து, வாத்தையும் செருப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, கேட்டைத் தாண்டி இட்டேரியில் நடக்க ஆரம்பித்தது. என் பூமி இட்டேரியை ஒட்டினது. நான் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், மறிக்கவில்லை. வந்த வழியில் போகிறதென்று நினைத்தேன், உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஏன் பொய் சொல்ல வேண்டும்? என் கிணறும் வற்றிக் கிடந்தது. எனக்கு யாரும் வரவில்லை.

பாதி வழியில் சென்னி எதிரே வந்தாள், பட்டுச் சேலை, தலையில் பூ, கையில் தாம்பூலப் பை. தண்ணீரைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. தடத்தின் நடுவே நின்றாள்.

"இப்படிச் சொல்லாமக் கொள்ளாமப் பொறப்பட்டா நான் எப்படிங்க நாலு பேரு மூஞ்சியில முழிக்கறது? அவுரு பண்ணுனது தப்புத்தானுங்க."

தண்ணீர் நின்றது, ஆனால் திரும்பவில்லை. அவள் பையைக் கீழே வைத்துவிட்டு, பட்டுச் சேலையோடு அதற்குள் இறங்கி உட்கார்ந்தாள். பார்க்கில் இறங்காதவள்.

"எனக்குக் கூடப்பொறந்தவங்க ஆருமில்லீங்க. எங்கப்பன் போனப்போ கோடித்துணி போடப் பொறந்த ஊட்டுல ஒரு ஆள் இல்லை. எம் மரமெல்லாம் சாகுது, விருந்தாளிகிட்ட அதைச் சொல்லக் கூடாதுன்னு ஒம்பது நாளா வாயை மூடிக்கிட்டிருந்தேன். இனி விருந்தாளியா இருக்க வேண்டாம், எனக்குக் கூடப்பொறந்தவனா இருந்துக்குங்க." அப்புறம் குரலைத் தாழ்த்தி, மரியாதையை எடுத்துவிட்டு, "வா கண்ணு, ஊட்டுக்குப் போலாம்" என்றாள்.

தண்ணீர் திரும்பியது. அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிற மாதிரி மிதக்க வைத்துக்கொண்டே கேட்டுக்குள் போனது. தாம்பூலப் பையை நான்தான் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. அன்று ஐந்து மணிச் சைரனுக்கு அலை கிணற்றுக்குள் நிற்கவில்லை. மேட்டைத் தாண்டி வாய்க்காலில் இறங்கி, நூற்றறுபது மரத்தின் பாத்தியையும் நிரப்பிவிட்டுத் திரும்பிப் போனது. யாரும் ஏவவில்லை. கூடப்பிறந்தவன் அக்கா தங்கைக்குச் செய்வது வேலை ஆகாது, அது சீர் என்று சென்னி எல்லோருக்கும் விளக்கம் சொன்னாள். நான் மட்டும் சொன்னேன்: "சென்னி, ஒரு ஊட்டை உட்டுப்போட்டு வந்தது இந்த ஊட்டையும் உட்டுப்போட்டுப் போகும்." அவள் மரத்தைப் பார்த்துக்கொண்டே, "நானுந்தான் ஒரு ஊட்டை உட்டுட்டு இன்னொரு ஊட்டுக்கு வாக்கப்பட்டுப் போனேன் பெரீப்பா. ஓடியா போயிட்டேன்?" என்றாள்.

ஜூன் மாதம் ரங்கராஜ் கடைசியாக ஒரு முறை பார்த்தான். புரோக்கரைக் கூட்டி வந்து, என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டு, அதே ஸ்டாம்பு பேப்பரைக் கயிற்றுக் கட்டிலில் விரித்தான். சென்னி மறுக்கவில்லை. பேனாவை வாங்கிக்கொண்டு, "இப்ப எனக்குக் கூடப்பொறந்தவன் இருக்கறானுங்க. அப்பன் பூமியில அவனுக்கும் பாத்தியதை உண்டு. அவன் கையெழுத்துப் போட்டா நானும் போடறேன்" என்றாள். ரங்கராஜுக்குக் கோபம் தலைக்கேறி, பேப்பரை வாளியில் போட்டுக் கிணற்றில் இறக்கினான். கொஞ்ச நேரம் கழித்து இழுத்தால் பேப்பர் ஈரமில்லாமல், மடிப்புக் கலையாமல் வந்தது. எழுத்து ஒன்றுகூட இல்லை, கவர்மென்டு முத்திரையும் இல்லை, கடையில் அப்போதுதான் வாங்கின மாதிரி வெள்ளைத் தாள். புரோக்கர் அதைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரை மிதித்தான். அக்ஷயா கிணற்று மேட்டில் உட்கார்ந்து சிரித்தாள். "அப்பா, உங்க மச்சான்கூட மோதாதீங்க. நாலு வேளையும் சைரன் ஊதுவாரு."

ரங்கராஜ் ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. அடுத்த மாதம் ஐந்து மணி அலையில் குளிக்க ஆரம்பித்தான். தொண்ணூற்றேழில் தென்னைகள் குருத்து விட்டன, கொண்டை இல்லாமல் நின்றவைகூட. தேங்காயில் லேசாக மருந்து வாசம் இருந்தது, ஆயில் மில்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு அந்த எண்ணெய் சீக்கிரம் சிக்கு அடிப்பதில்லை என்று கால் ரூபாய் கூட்டியே எடுத்தார்கள். ஊரில் அது தண்ணீர் என்று சொல்வதை நிறுத்திவிட்டு, சென்னியம்மா தம்பி என்று சொல்லத் தொடங்கினார்கள். கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் வீட்டில் ஒன்று, கிணற்று மேட்டில் ஒன்று என்று இரண்டாக வைத்தார்கள்.

தொண்ணூற்றெட்டில் அக்ஷயா பெரியவளானாள், தாய்மாமன் சீர் செய்ய வேண்டும். பந்தல் போட்டு, சொந்தமெல்லாம் வந்து, பெண்ணை மணையில் உட்காரவைத்து, எல்லோரும் ஐந்து மணிக்காகக் காத்திருந்தார்கள். சைரன் ஊதியது. மூன்று அலை வந்தது. முதல் அலை பந்தல் வரை வந்து நூறு நூற்றைம்பது மோதிரத்தைப் பெண் முன்னால் வைத்தது. இரண்டாவது சங்கிலிகளும் மெட்டிகளும் கொண்டுவந்தது. மூன்றாவது அலையில் திருகாணிகள், ஒரு படி அளவு இருக்கும், கம்புத் தானியம் மாதிரி குவிந்து கிடந்தன. பொம்பளைகள் குலவை போட்டார்கள். அந்தக் குளத்தில் இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் தொலைத்தது, எந்தெந்த வீட்டுப் பெண்கள் வீடு திரும்பித் திட்டு வாங்கினது? நான் எழுந்து கேட்டேன். சீர்த் தட்டைப் பார்த்துக் கேள்வி கேட்கிற வழக்கம் எங்கே இருக்கிறது என்று ரங்கராஜ், அதே ரங்கராஜ், என்னைத் தோளைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தான். சென்னிக்கு ஒரு திருகாணி திருப்பித் தந்தது சரி, மற்றதையெல்லாம் மடியில் வைத்துக்கொண்டுதானே அன்றைக்கு அவள் கையில் ஏறியது?

கிணற்று மேட்டுக்குப் போய் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தேன். மருந்து வாசம் போகவில்லை, இரண்டு வருஷம் ஆகியும் எங்கள் பூமியின் உப்பு அதில் ஏறவில்லை. துப்பிவிட்டேன். விருந்துச் சோறு சாப்பிடாமல் கேட்டுப் பக்கம் நடந்தேன். சென்னி கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள்.

"பெரீப்பா, வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாவது போங்க."

எங்கள் பக்கம் யாரும் போகிறேன் என்று சொல்வதில்லை, சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போதுகூட. நான் சொன்னேன்: "போறேன்."

இட்டேரியில் பாதி தூரம் வந்ததும் செருப்புக்குப் பின்னால் மண் சொதசொதவென்றது. ஒரு விரல் அகலம் தண்ணீர், என் நடைக்கு ஏற்ற மாதிரி மெதுவாக, சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது. பெரியவரை அவர் பூமி வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவதற்காக வந்ததென்று சென்னி இன்றைக்கும் சொல்கிறாள். என் வேலி முள்ளுக்கு முன்னால் அது நின்றது. என் கிணறு அங்கிருந்து நாற்பதடிதான். நான் கூப்பிடவில்லை. திரும்பியும் பார்க்காமல் உள்ளே போய்ப் படலைச் சாத்திக்கொண்டேன்.